பணம் வெளியே வரட்டும், பார்க்கலாம்!

1992 அக்டோபரில் எஸ்டோனியாவின் பிரதமர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது மார்ட் லாருக்கு வயது 32. படித்தது சரித்திரம். பொருளாதாரத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு ஒரே ஒரு புத்தகம். அமெரிக்கப் பொருளாதார மேதை மில்டன் ஃப்ரீட்மன், தன் மனைவி ரோஸுடன் சேர்ந்து எழுதியது. சுங்க வரியை ஒழி, அரசாங்கச் சொத்தைத் தனியாருக்குக் கொடு, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வருமான வரி போடு என்று அதில் ஏகப்பட்ட யோசனைகள்.

மனிதர் என்ன நினைத்துக்கொண்டார் தெரியுமா? மேற்கத்திய நாடுகளில் இதெல்லாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, சோவியத் பிடியில் இருந்த நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று. அங்கே யாரும் முழுசாகச் செய்து பார்க்காத சங்கதி அது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால் துணிந்து செய்துவிட்டேன் என்று பிற்பாடு லாரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தேசத்தின் வரிச் சட்டம் ஒரு புத்தகத்திலிருந்து மட்டும் பிறந்துவிடாது. எஸ்டோனியா அன்றைக்கு இருந்த நிலைமை அப்படி. வேறு வழி இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்.

பால்டிக் கடலோரம், ரஷ்யாவுக்குப் பக்கத்து வீடு. 1918-ல் சுதந்தரம் பெற்ற குட்டி தேசம். 1940-ல் சோவியத் ராணுவம் உள்ளே வந்தது. நடுவே ஜெர்மானியர்கள் மூன்று வருடம். 1944-ல் மறுபடியும் சோவியத். அதன்பின் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு மாஸ்கோ சொன்னதுதான் சட்டம். 1988-ல் மைதானங்களில் லட்சக்கணக்கில் கூடிப் பாட்டுப் பாடியே எதிர்ப்பைக் காட்டினார்கள். 1989 ஆகஸ்டில் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்று நாட்டு மக்களும் கைகோத்து 600 கிலோமீட்டருக்கு மேல் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 1991 ஆகஸ்ட் 20-ம் தேதி சுதந்தரம் திரும்பி வந்தது.

சுதந்தரம் வந்தது. சாப்பாடு வரவில்லை.

1992 ஜனவரியில் கடைகளில் சரக்கு இல்லை, குளிருக்கு எரிபொருள் இல்லை. அந்த நெருக்கடியிலேயே எட்கார் சாவிசாரின் அரசாங்கம் ராஜினாமா செய்துவிட்டுப் போனது. விலைவாசி அந்த ஒரே வருடத்தில் சுமார் பத்து மடங்கு ஏறியது. கையில் இருந்த ரூபிளோ மாஸ்கோவில் அச்சடிக்கப்படுகிற காகிதம். அங்கே எவ்வளவு அச்சடிக்கிறார்கள் என்று டாலினில் யாருக்குத் தெரியும்?

எனவே 1992 ஜூன் 20-ம் தேதி ரூபிளுக்கு முழுக்குப் போட்டார்கள். சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகளில் முதலில் இதைச் செய்தது எஸ்டோனியாதான். புதுப் பணத்தின் பெயர் க்ரூன். ஆளுக்கு 1,500 ரூபிள் கொண்டுவரலாம், பதிலுக்கு 150 க்ரூன் கிடைக்கும். 8 க்ரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று முடிச்சுப் போட்டார்கள். கையில் அந்நியச் செலாவணியும் தங்கமும் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் நோட்டு அடிக்க முடியும்.

இந்த இடத்தில்தான் வரி உள்ளே வருகிறது. துண்டு விழுந்தால் நோட்டு அடித்துச் சமாளிக்கலாம் என்கிற வழி அடைபட்டுப் போனது. மிச்சம் இருப்பது என்ன? வரி வசூல். அதை யாரிடம், எப்படி வசூலிப்பது?

சோவியத் காலத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை. தொழிற்சாலை அரசாங்கத்தினுடையது. சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம், அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வதும் அரசாங்கம். வலது பையிலிருந்து இடது பைக்கு. உட்கார்ந்து கணக்கு எழுதி, அதைச் சரிபார்த்து, சண்டை போட்டு வரி வாங்குகிற வேலைக்குப் பழகிய அதிகாரிகள் கிடையாது. கட்டிப் பழகிய மக்களும் கிடையாது. இந்த லட்சணத்தில் தெருவுக்குத் தெரு கடைகள், கம்பெனிகள் என்று முளைக்க ஆரம்பித்துவிட்டன.

வரிச் சட்டத்தில் ஒவ்வொரு படிநிலையும் ஒரு கதவு. ஒவ்வொரு சலுகையும் ஒரு ஜன்னல். பெரிய நாடு என்றால் கதவுக்கு ஒரு காவலாளி போடலாம். காவலாளியே இல்லாத வீட்டுக்கு எதற்கு நாற்பது கதவுகள்? ஒரே ஒரு வாசல் வைத்துக்கொண்டால் போதாதா?

1994 ஜனவரி 1-ம் தேதி அந்த ஒற்றை வாசல் சட்டம் அமலுக்கு வந்தது. தனி நபருக்கு 26 சதவீதம். கம்பெனிக்கும் 26 சதவீதம். அதுவரை இருந்த ஏறுபடிகள் போயே போச்சு. அதே வருடம் லிதுவேனியாவும் ஒற்றை விகிதத்துக்கு வந்தது. அடுத்து லாட்வியா. 2001-ல் ரஷ்யாவே 13 சதவீதத்தோடு இந்த வரிசையில் வந்து நின்றது. 2004-ல் ஸ்லோவாகியா, 2005-ல் ருமேனியா.

சரி, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வரியா? இது அநியாயம் இல்லையா?

எஸ்டோனியாவுக்கு உள்ளேயே இந்தக் கேள்வியை அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். பதில் பாதி ஆமாம், பாதி இல்லை.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். முதல் 100 க்ரூனுக்கு வரி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 26 சதவீதம். 200 சம்பாதிப்பவர் கட்டுவது 26. அதாவது அவர் வருமானத்தில் 13 சதவீதம். 1,000 சம்பாதிப்பவர் கட்டுவது 234. அவருக்கு அது 23.4 சதவீதம். ஆக, விகிதம் ஒன்றாக இருந்தாலும் பாரம் ஒன்றில்லை. இது ஆறுதலான பாதி.

மறு பாதி அவ்வளவு இனிப்பாக இல்லை. வருமான வரி என்பது எஸ்டோனியத் தொழிலாளியின் தலையில் இருக்கும் சுமைகளில் ஒன்று மட்டும்தான். அவர் சம்பளத்தின் மேல் இன்னொரு 33 சதவீதம் 'சமூக வரி' என்று முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். 20 பென்ஷனுக்கு, 13 வைத்தியத்துக்கு. கட்டுவது முதலாளிதானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் அவர் சம்பளமே நிர்ணயிப்பார். கடைக்குப் போனால் அன்று 18 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. வாங்குகிற சம்பளத்தை அப்படியே செலவழித்துத் தீர்க்கிறவருக்குத்தான் இது முழுசாக உறைக்கும். மிச்சம் பிடித்துச் சேர்த்துவைக்க முடிகிறவருக்கு அவ்வளவு வலிக்காது.

சட்டம் எளிமையாக இருந்தது உண்மை. அந்த எளிமைக்கு யார் அதிகம் விலை கொடுத்தார்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடவேண்டும்.

லாரின் முதல் ஆட்சி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1992-ல் மக்களிடம் திரட்டிய பழைய ரூபிள் நோட்டுகள் ரகசியமாகச் செசன்யாவுக்கு விற்கப்பட்ட விவகாரம் வெடித்தது. 1994 செப்டம்பரில் நம்பிக்கை இல்லாத் தீர்மானத்தில் பதவி போனது. ஆள் போனார், வரிச் சட்டம் போகவில்லை. அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் அதைத் தொடவில்லை.

1999 மார்ச்சில் லார் திரும்பி வந்தார். இந்தமுறை நிதி அமைச்சர் சீம் கல்லாஸ். க்ரூனைக் கொண்டுவந்தபோது மத்திய வங்கித் தலைவராக இருந்தவர். முந்தைய வருடம்தான் ரஷ்யப் பொருளாதாரம் குப்புற விழுந்து, எஸ்டோனியாவையும் சேர்த்து இழுத்துவிட்டிருந்தது. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் முதலீடு வேண்டும். கையில் எண்ணெய் இல்லை, பெரிய சந்தை இல்லை. என்ன செய்து ஆட்களைக் கூப்பிடுவது?

வழக்கமான நாடுகள் செய்வது இது. கம்பெனி வருட முடிவில் லாபக் கணக்குக் காட்டும். அதில் இத்தனை சதவீதம் எடு என்று அரசாங்கம் கை நீட்டும். 'ஐயா, போன வாரம்தான் இந்த லாபத்தில் புது மெஷின் வாங்கினேன்' என்று கம்பெனி சொன்னால், அதற்குத் தேய்மானக் கழிவு, முதலீட்டுச் சலுகை என்று தனித்தனி விதிகள். மெஷின் எத்தனை வருடம் உழைக்கும், வருடத்துக்கு எவ்வளவு தேயும் என்று ஆடிட்டரும் அதிகாரியும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

2000 ஜனவரி 1-ம் தேதி முதல் எஸ்டோனியா இந்தச் சண்டையையே தூக்கிக் கடாசிவிட்டது. கம்பெனி லாபம் சம்பாதித்ததா? சந்தோஷம். உள்ளேயே வைத்துக்கொள். மெஷின் வாங்கு, ஆள் எடு, அல்லது வங்கியில் சும்மா போட்டு வை. வரி பூஜ்யம். அந்தப் பணம் எப்போது முதலாளியின் பைக்குப் போகிறதோ, அன்றைக்கு வரி.

கணக்கு ரொம்பச் சுலபம். 100 க்ரூன் லாபம் இருக்கிறது, முழுசாக வெளியே எடுக்கவேண்டும் என்றால் 74 பங்குதாரருக்கு, 26 அரசாங்கத்துக்கு. டிவிடெண்ட் வாங்கிய தனி நபர் அதற்காக மறுபடி வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஒரு தடவை, ஒரு இடத்தில், முடிந்தது கதை.

உங்களுக்கு உடனே ஒரு குறுக்குப் புத்தி தோன்றியிருக்கும். எதற்கு டிவிடெண்ட் என்று பேர் வைக்கவேண்டும்? கம்பெனிக் காசில் கார் வாங்கி முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டால் போயிற்று. கம்பெனிச் செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றினால் போயிற்று.

அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். சொந்த உபயோகத்துக்குக் கொடுக்கும் கார், பரிசு, நன்கொடை, விருந்துச் செலவு, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எந்தச் செலவானாலும் சரி, வரம்பு தாண்டினால் லாபம் வெளியே போன மாதிரிதான். வரி உண்டு. அதுவும் வருட முடிவில் அல்ல, மாதாமாதம் கணக்குக் காட்டவேண்டும். தன் ஆட்களுக்குக் கொடுக்கும் சலுகை என்றால் சமூக வரியும் சேர்ந்துகொள்ளும்.

இதில் அதிகாரிக்கு என்ன லாபம் என்றால், கம்பெனிக்குள் இருக்கும் ஆயிரம் கணக்குகளை அவர் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். மெஷின் தேய்ந்தால் என்ன, தேயாவிட்டால் என்ன? வாசலில் நின்று வெளியே போகும் பணத்தை மட்டும் பார்த்தால் போதும். முதலில் சொன்ன அதே ஒற்றை வாசல்தான்.

எதிர்த்தவர்கள் சும்மா எதிர்க்கவில்லை. கம்பெனிகள் லாபத்தை உள்ளேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அரசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்த கம்பெனி வரி விழுந்தது. 'இது வரி விலக்கு இல்லை, தள்ளிவைப்புதான்' என்று அரசாங்கம் சொன்னது. நூறு வருடம் தள்ளிவைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எதிராளிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு ஓர் உதாரணமும் பின்னால் கிடைத்தது. எஸ்டோனியாவின் பெரிய வங்கிகள் ஸ்வீடன் வங்கிகளுக்குச் சொந்தம். லாபம் கொழிக்கிறது, ஆனால் டிவிடெண்ட் கொடுக்கவில்லை என்றால் வரி இல்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் 2018-ல் வங்கிகளுக்கு மட்டும் தனி விதி போட்டார்கள். ஒவ்வொரு காலாண்டு லாபத்திலும் 14 சதவீதத்தை முன்பணமாகக் கட்டு, டிவிடெண்ட் எடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் இது 18 சதவீதம். ஒற்றை வாசல் வீட்டில் இரண்டாவது கதவு.

ஆனால் இந்தத் திட்டம் கைகொடுத்த நேரமும் உண்டு. 2008, 2009 உலக நெருக்கடியில் எஸ்டோனியா அடிபட்ட அளவுக்கு அடிபட்ட நாடுகள் குறைவு. 2009-ல் மட்டும் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. அரசு ஊழியர் சம்பளத்தில் கை வைத்தார்கள். மதிப்புக் கூட்டு வரியை 18-லிருந்து 20 ஆக்கினார்கள். அந்த நேரத்தில், லாபத்தை வெளியே எடுக்காமல் உள்ளேயே சேர்த்துவைத்திருந்த கம்பெனிகளுக்கு அந்தச் சேமிப்பு ஒரு மெத்தை மாதிரி உதவியது. 2011 ஜனவரியில் க்ரூனுக்கு விடை கொடுத்து யூரோவுக்கு மாறியபோது, ஐரோப்பிய யூனியனிலேயே மிகக் குறைந்த அரசாங்கக் கடன் வைத்திருந்த நாடு எஸ்டோனியாதான்.

எளிமைக்கு இன்னொரு பலனும் கிடைத்தது. 2000-லேயே இன்டர்நெட் வழியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வசதி வந்துவிட்டது. சம்பளம் கொடுப்பவரும் வங்கியும் விவரங்களை நேரே அனுப்பிவிடுவார்கள். படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு உங்கள் முன் வந்து நிற்கும். சரியா என்று பார்த்து 'சரி' என்று தட்டவேண்டியதுதான். சில நிமிட வேலை. கம்ப்யூட்டர் புத்திசாலி என்பதால் மட்டும் வந்ததல்ல இது. சட்டம் சின்னதாக இருந்ததால் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

விகிதமும் மெல்ல மெல்ல இறங்கியது. 2005-ல் 24. பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்து 2008-ல் 21. 2015-ல் 20. கம்பெனி வரித் திட்டத்தை 2017-ல் ஜார்ஜியாவும் 2018-ல் லாட்வியாவும் அப்படியே காப்பி அடித்தன. அமெரிக்காவின் டாக்ஸ் ஃபவுண்டேஷன் அமைப்பு 2014-ல் தொடங்கிய வரிப் போட்டித்திறன் பட்டியலில் வருடா வருடம் முதல் இடம் எஸ்டோனியாவுக்குத்தான்.

முதலிடம் யார் பார்வையில் என்பது வேறு விஷயம். முதலீட்டாளர் பார்வையில் முதலிடம். குறைந்த சம்பளக்காரர் பார்வையில்?

2016 நவம்பரில் ஆட்சிக்கு வந்த யூரி ராட்டாஸ் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். விகிதத்தைத் தொட அவருக்கும் மனசில்லை. விலக்கு வரம்பைத் தொட்டார். 2018 முதல், மாதம் 1,200 யூரோ வரை சம்பாதிப்பவருக்கு முதல் 500 யூரோவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் போகப் போக இந்த 500 தேயும். 2,100 யூரோவில் பூஜ்யம்.

நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,200 வாங்குகிறவருக்குச் சம்பளம் 100 யூரோ ஏறினால், அந்த நூறுக்கும் வரி, கூடவே சுமார் 56 யூரோ விலக்கும் போச்சு. மொத்தத்தில் 31 யூரோ வரி. அதே 100 யூரோ, 3,000 வாங்குகிறவருக்கு ஏறினால் வரி வெறும் 20. நடுவில் இருப்பவர் முதுகில் மட்டும் ஒரு மேடு. ஜனங்கள் இதற்கு 'வரிக் கூன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவருக்கு இன்னும் சங்கடம். மாதாமாதம் விலக்கு எடுத்துக்கொண்டு, வருட முடிவில் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் பாக்கி நிற்கும்.

ஏழைக்கு உதவியது நிஜம். யாருக்கும் புரியாமல் போனதும் நிஜம்.

இதற்குள் கூட வந்த கூட்டாளிகள் கலைய ஆரம்பித்திருந்தார்கள். ஸ்லோவாகியா 2013-லேயே பழையபடி ஏறுபடிக்குப் போய்விட்டது. லாட்வியா 2018-ல், லிதுவேனியா 2019-ல், ரஷ்யா 2021-ல். ஒற்றை விகிதத்தை ஆரம்பித்துவைத்த எஸ்டோனியா அதே இடத்தில் நின்றது.

பிறகு 2022 பிப்ரவரி. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. 1940-ஐ மறக்காத தேசத்துக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்கு என்று முடிவு செய்தார்கள். பணம் எங்கிருந்து வரும்? 2025-ல் வருமான வரி 20-லிருந்து 22 ஆனது. மதிப்புக் கூட்டு வரி 2024-ல் 22, 2025 ஜூலையில் 24. கம்பெனிகளின் லாபத்தில் நேரடியாக 2 சதவீதம் எடுக்கவும் ஒரு யோசனை வந்தது. உள்ளே இருக்கும் லாபத்தைத் தொடுவதா என்று எழுந்த எதிர்ப்பில், அமலுக்கு வருமுன்னே அதைக் கைவிட்டார்கள். வாசலுக்கு வெளியேதான் வரி என்ற 2000-ம் வருடத்து விதி போர்க்காலத்திலும் ஜெயித்துவிட்டது.

வரிக் கூனுக்கும் முடிவு கட்டினார்கள். 2026 முதல் எல்லாருக்கும் ஒரே மாதிரி, மாதம் 700 யூரோ விலக்கு. மறுபடியும் எளிமை. ஆனால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். 1,200 யூரோவுக்குக் கீழே சம்பாதித்தவருக்கு ஏற்கெனவே 654 யூரோ விலக்கு இருந்தது. அது 700 ஆனதில் அவருக்கு மாதம் மிச்சமாவது சுமார் 10 யூரோ. 2,100-க்கு மேல் சம்பாதித்தவருக்கு விலக்கே இல்லாமல் இருந்தது. இப்போது 700 யூரோ கிடைத்ததில் அவருக்கு மிச்சம் மாதம் 154 யூரோ. கடையில் ரொட்டி வாங்கும்போது இருவரும் கட்டுவது அதே 24 சதவீதம்.

1992-ல் எஸ்டோனியா எளிமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அதிகாரி இல்லை, பணம் இல்லை, நேரம் இல்லை. இன்று இந்த மூன்றும் இருக்கின்றன. இருந்தும் அந்த ஒற்றை வாசலை விட மனசில்லை. ஒரு வரிச் சட்டத்தைப் பாமரனுக்கும் ஐந்து நிமிடத்தில் புரியவைக்க முடிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லைதான். அப்படிப் புரிகிறபோது, 10 யூரோவுக்கும் 154 யூரோவுக்கும் உள்ள வித்தியாசமும் அவனுக்கு நன்றாகவே புரியும்.